செத்த பிறகும் மாத்திரை வாங்கியவர்கள்

ஓசூரில் வேப்பமரத்து ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர்கள் வழி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அங்கே வேப்பமரம் மட்டும் இருக்காது. டாக்டர் அசோக்குமாருடைய கார் வெயிலில் காயக் கூடாது என்று கொட்டகை போட இடம் தேவைப்பட்டது. நிழல் தந்துகொண்டிருந்த மரத்தை வெட்டிவிட்டு, நிழலுக்காகத் தகரக் கொட்டகை போட்டார்கள். படித்தவர்கள் யோசித்துச் செய்த காரியம். நாம் குறை சொல்வதற்கு இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் நோட்டுகளை அடுக்கிவைக்க நோட்டு ரூம் என்று ஓர் அறை உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவள் சென்னம்மா. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்து ஊர்க்காரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளை விட்டுவிட்டது. அவள் எழுத்தை விடவில்லை. 1986-ல் தரை துடைக்கத்தான் வேலைக்கு வந்தாள். வருகிற ஜனங்களில் ஒருவர் கன்னடம் பேசுவார், அடுத்தவர் தெலுங்கு பேசுவார், மூன்றாமவர் மூன்றையும் கலந்து பேசுவார். சீட்டு எழுதுகிற ஆள் விழித்துக்கொண்டு நிற்க, துடைத்துக்கொண்டிருந்த சென்னம்மாதான் எல்லோருக்கும் பதில் சொன்னாள். அப்போதிருந்த பெரிய டாக்டர், அதாவது அசோக்குமாரின் அப்பா, இரண்டு நாள் இதைப் பார்த்தார். மூன்றாம் நாள், "அந்தத் துடைப்பத்தைக் கீழ வையம்மா, பேனாவை எடு" என்றார். அன்றைக்கு எடுத்த பேனாதான்.

திங்கட்கிழமை தவறாமல் விடிந்ததும் மலையேறிச் சந்திரசூடேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி விபூதியோடு எட்டு மணிக்கு நோட்டு ரூமைத் திறப்பாள். புருஷன் கங்கப்பன் கியர் கம்பெனியில் இருந்தவர். கம்பெனியை மூடியதிலிருந்து வீட்டில் டிவிக்குக் காவல் இருந்தார். மகள் சுவாதி கிருஷ்ணகிரியில் நர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். ஆக, அந்த வீட்டில் உலை கொதிப்பது சென்னம்மாவின் வேலையால்தான்.

2008-ஆம் வருஷம் டாக்டர் அசோக்குமார் பெங்களூரில் பெரிய ஓட்டலில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போனார். திரும்பும்போது ஒரு பை, ஒரு பேனா, ஒரு யோசனை மூன்றோடும் வந்தார். பையையும் பேனாவையும் வீட்டில் வைத்துவிட்டு, யோசனையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"இது ஓப்பன் சயின்ஸ். எதையும் மறைக்கிறது கிடையாது. உலகம் பூரா டாக்டருங்க, கம்ப்யூட்டர்காரங்க எல்லாரும் ஓப்பனா சேர்ந்து வேலை செய்றாங்க. நம்ம ஆஸ்பத்திரியும் ஓப்பனா அதுல சேரப்போவுது."

அந்தப் பேச்சில் ஓப்பன் என்ற சொல் பதினோரு தடவை வந்தது. சென்னம்மா எண்ணிவிட்டாள். தினமும் விரல்கணுவில் சிவநாமம் எண்ணுகிற கை. எதைக் கேட்டாலும் எண்ணும்.

விஷயம் என்ன என்று அவளுக்குப் புரியும்படி சொன்னது மோகனப்ரியா. சேலத்துப் பெண், நாற்பதைத் தொட்ட வயசு. டாக்டருக்கும் படித்துக் கம்ப்யூட்டருக்கும் படித்தவள். உலகம் பூராவும் சேர்ந்து வேலை செய்கிற அந்தக் கூட்டத்தின் சார்பில் புதன்கிழமைதோறும் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். காரில் வராத டாக்டரை ஆஸ்பத்திரிக்காரர்கள் முதல் மாசம் நம்பவே இல்லை.

"ஒரு ஆஸ்பத்திரில சர்க்கரைன்னு எழுதுவாங்க, இன்னொண்ணுல நீரிழிவுன்னு எழுதுவாங்க, மூணாவதுல ரெண்டே ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. கம்ப்யூட்டருக்கு மூணும் வேற வேற நோய். அதனால ஒவ்வொரு நோய்க்கும் ஒரே எண். எந்த நாடா இருந்தாலும் அதே எண்தான்க்கா."

"நம்ம நோட்டெல்லாம் வெளிநாட்டுக்குப் போயிடுமாம்மா?"

"ஒண்ணும் போகாதுக்கா. கேள்விதான் இங்க வரும். இத்தனை பேருக்கு இந்த நோய்னு மொத்த எண்ணிக்கை மட்டும் போகும். பேரு, ஊரு எதுவும் போகாது."

"வேலை செய்றவங்களுக்குச் சம்பளம்?"

"கிடையாது. அவங்கவங்க இஷ்டப்பட்டு வந்து செய்றதுதான்."

"அப்பிடின்னா கோயில்ல உழவாரம் பண்ற மாதிரி."

"அதேதான். முன்வரிசைல நின்னு போட்டோ எடுத்துக்கிறவங்களும் அங்க மாதிரியே இங்கயும் உண்டு" என்று மோகனப்ரியா சிரித்தாள்.

கூட்டத்தில் சேர ஒரு பரீட்சை இருந்தது. முப்பத்தைந்து வருஷத்து நோட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அது ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். டைப் அடிக்கிற கம்பெனிக்காரர்கள் வந்து ஆறு மாசம் அடித்தார்கள். தேறிவிட்டால் நோட்டெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு. நோட்டு ரூமுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு 'ஆய்வு மையம்' என்று பெயர்ப்பலகை மாட்டுவதாக ஏற்பாடு. பலகை முதலிலேயே வந்து சுவரில் சாய்ந்திருந்தது.

"அப்ப நானுங்க?" என்று சென்னம்மா கேட்டாள்.

"உனக்கும் ஏதாவது பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

வாசலில் காவல் இருந்த கிழவருக்கும் இப்படித்தான் நான்கு வருஷத்துக்கு முன்னால் ஏதாவது பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கிழவர்தான் வாசலில் இல்லை.

2009 ஜூலையில் ஒரு புதன்கிழமை பரீட்சை முடிவு வந்தது. டாக்டர் ஊரில் இல்லை. மோகனப்ரியா காகிதத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு தலையில் கை வைத்தாள்.

"அக்கா, இதக் கேளுங்க. பிள்ளை பெத்த ஆம்பளைங்க இருநூத்திப் பதினாலு பேர். வருஷம் போகப் போக வயசு குறைஞ்சவங்க ஆயிரத்துக்கு மேல. செத்ததுக்கு அப்புறம் வைத்தியத்துக்கு வந்தவங்க தொள்ளாயிரத்து அறுபத்து மூணு பேர்! இதோ, நம்பர் அறுநூத்திப் பதினேழு, கோவிந்தப்பன். தொண்ணூத்தொம்பதுல செத்துட்டார். ரெண்டாயிரத்து ஒண்ணுல அவருக்குச் சுகப்பிரசவம். இப்ப ஒரு வருஷமா மாசாமாசம் இருமல்."

 சென்னம்மாவுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் பயம் வந்தது. ஏனென்றால் அந்தக் கோவிந்தப்பன் யார் என்று உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சங்கதி இதுதான். பெரிய டாக்டர் காலத்தில் ஆளுக்கு ஒரு நம்பர் கிடையாது, வீட்டுக்கு ஒரு நம்பர். ஒரே நோட்டில் மாமனார், மருமகள், பேரப்பிள்ளை எல்லோரும் இருப்பார்கள். 1996-ல் அசோக்குமார் பொறுப்புக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு நம்பர் என்று உத்தரவு போட்டார். உத்தரவு போட்டவர் மாடிக்குப் போய்விட்டார். ஜனங்கள் நோட்டு ரூம் ஜன்னலுக்கு வந்தார்கள். எவரும் புது நம்பரைக் கையால் தொடவில்லை. "எங்கப்பனுக்குப் பாம்பு கடிச்சப்போ இந்த நம்பர்லதான் பொழைச்சாரு, இது ராசியான நம்பரு" என்று ஒருவர். "பழைய நம்பர்ல கொடுத்த மாத்திரைதான் எனக்குக் கேக்குது" என்று இன்னொருவர். புது நம்பர் போட்டால் மருந்தை வாங்காமலே திரும்பிப் போனார்கள்.

சென்னம்மாவும் மனுஷிதானே. சுவாதி மூன்று வயசில் மஞ்சள்காமாலையில் கிடந்து பிழைத்தது ஆயிரத்து எட்டாம் நம்பரில். அந்த நம்பரை மாற்று என்று யாராவது சொன்னால் அவளே சண்டைக்குப் போவாள். ஆகவே உத்தரவைக் கேட்டுக்கொண்டாள். எழுதுவதைப் பழையபடியே எழுதினாள். ஃபேக்டரி வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு ராசியும் கிடையாது, பழைய நம்பரும் கிடையாது. அவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு நம்பர். பதின்மூன்று வருஷம் இப்படியே ஓடிற்று. மாடியிலிருந்து எவரும் இறங்கிவந்து பார்க்கவில்லை.

ஆனால் குழப்பம் வரக் கூடாதே என்று ஓரத்தில் ஒரு குறி வைப்பாள். வீட்டுப் பெரியவருக்கு ஒரு கோடு. அவர் மனைவிக்கு வட்டம். மூத்த பிள்ளைக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு. மருமகளுக்கு வட்டத்துக்குள் புள்ளி. மாமியாருக்குப் பெருக்கல் குறி; அது ஏன் பெருக்கல் குறி என்று எவரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தாள். டைப் அடித்த கம்பெனிக்காரர்கள் அதையெல்லாம் பேனா கசிந்த அழுக்கு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். சுத்தமான வேலை.

"டைப் அடிச்சவங்க கோட்டை விட்டிருக்காங்க" என்றாள் மோகனப்ரியா. "டாக்டருக்குப் போன் பண்ணேன். நம்பமுடியாத நம்பரையெல்லாம் தூக்கிடுங்கன்னுட்டார். தூக்கினா பரீட்சை பாஸ்தான். ஆனா பாதிக்கு மேல போயிடுது. முதல் ஆராய்ச்சிக் கேள்வி வேற வந்திருக்கு, பூச்சிமருந்து அடிக்கிற இடத்துல வேலை செய்றவங்களுக்கு மூச்சுத்திணறல் எத்தனைன்னு. நம்ம ரோஜாத் தோட்டத்துப் பொம்பளைங்க நிறைய பேர் இருப்பாங்கன்னு நெனைச்சேன். தூக்கின பிறகு நாலே பேருன்னு காட்டுது."

அன்றைக்கு மட்டும் நாலு பேர் காலை டிபனுக்கு முன்னாலேயே வந்துபோயிருந்தார்கள். சென்னம்மாவின் கைதான் சீட்டு எழுதியது. வாயைத் திறக்கப் போனாள். திறந்தால் வேலை போகும். டைப் அடித்தவர்கள் மேல் பழி தானாக விழுந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் ஜன்னலில் நஞ்சம்மா நின்றாள். பாகலூர்ப் பக்கம் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ரோஜா வளர்க்கிற தோட்டத்தில் கூலி. முன்னெல்லாம் கடைவாசலில் நின்று பேசினால் தெருமுனைக்குக் கேட்கிற குரல். இப்போது இரண்டு சொல்லுக்கு ஒரு இருமல்.

"அறுநூத்திப் பதினேழு, அக்கா."

"ஏன் நஞ்சம்மா, உனக்குன்னு ஒரு நம்பர் போட்டுத் தரட்டுமா? புதுசா, சுத்தமா."

"பேடா, பேடா! வேணாம்!" அவசரத்தில் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும். "மாமனாரு நம்பரு. அதுலதான் என் பாப்பா நல்லபடியாப் பொறந்துச்சு. அத மாத்தி எதாச்சும் ஆயிட்டா நீ வந்து நிப்பியா?"

"மருந்து அடிச்சிருந்தாங்களா இன்னிக்கு?"

"தினம்தான் அடிக்கிறாங்கோ. பூவுக்கு ஒரு புள்ளி விழக் கூடாதாம். வெளிநாட்டுக்குப் போற பூவு." இருமிவிட்டுச் சிரித்தாள். "பூ ஆரோக்கியமாத்தான் போவுது. நம்ப என்னா, அடுத்த ஜென்மத்துல ரோஜாவாப் பொறந்துட்டாப் போவுது."

சென்னம்மா 617 என்று எழுதி, வட்டம் போட்டு, உள்ளே புள்ளி வைத்தாள். வைத்த பிறகு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்குப் போகிற பூ கணக்கில் உண்டு. அதை வளர்த்தவளின் இருமல் செத்துப்போன மாமனாரின் கணக்கில். சனிக்கிழமை நோட்டுகளை ஏற்றிப்போகப் பேப்பர்க் கடை டெம்போ வந்துவிட்டால் அந்தப் புள்ளியும் கிடையாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், திங்கள் இல்லாவிட்டாலும், மலையேறினாள். சாமி எப்போதும்போல ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை அவர் முன்னமே சொல்லிவிட்டார் என்பது போலத்தான் இருந்தது. படியிறங்கும்போது கங்கப்பனையும் சுவாதியின் படிப்பையும் நினைத்துக் கண் கலங்கியது. ஆனாலும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள்.

அன்றைக்கு மாடியில், ஊர் திரும்பிவிட்ட டாக்டர் அசோக்குமாரும் பரீட்சை வேலைக்காகத் தங்கிவிட்ட மோகனப்ரியாவும் இருந்தார்கள். கண்ணாடிக் கதவின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் டாக்டர். சென்னம்மா உள்ளே போய்க் கைகட்டி நின்றாள்.

"ஐயா, டைப் அடிச்ச பொண்ணுங்க மேல தப்பு இல்லீங்க. நான்தான் பழைய நம்பர்லயே எழுதிட்டு வர்றேன்."

"எத்தனை நாளா?"

"பதிமூணு வருஷமாங்க."

டாக்டருக்கு முகம் சிவந்தது. "பதிமூணு வருஷமா! நான் உத்தரவு போட்டதுக்கு அப்புறம் பதிமூணு வருஷமா! ஃபாரின்ல இருந்து டேட்டா பாக்கறாங்க, நம்ம ஆஸ்பத்திரி மானம் என்னாவுறது? இது வெளியே தெரியக் கூடாது. அந்தக் கதவைச் சாத்துங்க முதல்ல."

ஓப்பன் என்று பதினோரு தடவை சொன்னவர்தான். மோகனப்ரியா எழுந்துபோய்க் கதவைச் சாத்தவில்லை.

"சார், தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சா அதை எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வைக்கணும். அதான் அங்க முதல் விதி. கண்டுபிடிச்சவங்க பேரையும் போடணும்" என்றாள். பிறகு சென்னம்மா பக்கம் திரும்பினாள். "அக்கா, ஒரே நம்பர்ல அஞ்சு பேர் இருந்தா எது யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குறி வச்சிருக்கேன்மா, ஓரத்துல. நான் வர்றதுக்கு முன்னால எழுதினதுக்கும் கேட்டுக் கேட்டு வச்சிட்டேன். முதல் நோட்டுலருந்து."

"எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்."

முதல் நோட்டு என்றால் முதல் நோட்டுதானே. சென்னம்மா கீழே போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்து, முந்தானையால் தூசி தட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு கொண்டுவந்தாள். ஒன்றாம் நம்பருக்கான நோட்டு. தாள் தீரத் தீரப் பின்னால் சேர்த்துத் தைத்ததில் தலையணை கனத்துக்கு இருந்தது. மோகனப்ரியா தன் காகிதத்தில் அதே நம்பரைத் தேடினாள்.

"ஆங், இவரும் நம்ம பட்டியல்ல இருக்கார். நம்பர் ஒண்ணு. ஆண். தொண்ணூத்தெட்டுல இறந்துட்டார். அதுக்கு அப்புறம் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு நூத்தி நாலு தடவை வந்திருக்கார். மாசம் தவறல. உயிரோட இருக்கிறவங்களே இவ்வளவு ஒழுங்கா மாத்திரை சாப்பிட மாட்டாங்க. யாருக்கா இவர்?"

சென்னம்மா நோட்டைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"கோடுன்னா பெரிய டாக்டருங்க. சாமி கிட்ட போயிட்டாரு. இந்த நூத்தி நாலுக்கும் ஒத்தைப் புள்ளி வச்சிருக்கு. ஒத்தைப் புள்ளின்னா மூத்த புள்ளைங்க."

 பெரிய டாக்டருக்கு மூத்த பிள்ளை ஒருவர்தான். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மாநாட்டில் வாங்கிய பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மாசம் பிறந்ததும் ஜன்னல் பக்கம் குனிந்து, "அப்பா நம்பர்லயே போட்டுடு சென்னம்மா, அது கொஞ்சம் ராசி" என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சென்னம்மாவுக்கு அவரைக் குத்திக்காட்டும் எண்ணம் துளியும் இல்லை. முதல் நோட்டைக் கேட்டார்கள், முதல் நோட்டைக் கொண்டுவந்தாள். சந்திரசூடேஸ்வரர் செய்கிற காரியங்கள் சில இப்படித்தான் இருக்கும்.

"அது... ஒரு சென்டிமென்ட்" என்றார் டாக்டர்.

"எல்லாருக்கும் அதேதானுங்க ஐயா" என்றாள் சென்னம்மா, மெதுவாக.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. சனிக்கிழமை டெம்போ வந்தது. ஏற்ற நோட்டு இல்லை என்றதும் டெம்போக்காரர் திட்டினார். வந்தவர் வெறும் கையோடு போக வேண்டாம் என்று மாநாட்டிலிருந்து வந்த வழவழப்பான புத்தகங்களைக் கட்டிக் கொடுத்தார்கள். குறிகளைப் படிக்க உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு என்பதால் அந்த ஆளுக்கு வேறு ஏதாவது பார்க்க வேண்டிய அவசியம் டாக்டருக்கு இல்லாமல் போயிற்று. ஒரு வருஷம் சென்னம்மா ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள், மோகனப்ரியா ஏற்றினாள். கம்ப்யூட்டருக்குள்ளே ஆளுக்கு ஒரு எண். சீட்டில் பழையபடி வீட்டு எண். உள்ளே தான் வேறு ஆள் என்பது நஞ்சம்மாவுக்குத் தெரியாது. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. ராசி கெடக் கூடாது.

மறுபடி பரீட்சை வந்தது. பிள்ளை பெற்ற ஆண்கள் ஒருவர்கூட இல்லை. செத்த பிறகு வந்தவர்கள் இரண்டு பேர். அது டைப் அடித்தவர்களின் நிஜமான தப்பு. ரோஜாத் தோட்டத்துப் பெண்களின் மூச்சுத்திணறல் நான்கிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. அதில் ஒன்று நஞ்சம்மா. அந்த எண்ணிக்கை போன பிறகு, மூச்சு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ஊதிப் பார்க்கிற கருவியோடு இரண்டு டாக்டர்கள் தோட்டத்துக்கே வந்தார்கள். முதலில் ஊதினது அவள்தான். "கல்யாண மேளத்துல நாதஸ்வரம் ஊத வேண்டியவ நானு" என்று அன்றைக்கும் இருமிக்கொண்டே சொன்னாளாம்.

கூட்டத்தின் உறுப்பினர் பட்டியலில் விதிப்படி சென்னம்மாவின் பெயர் ஏறியது. படிப்பு என்ற இடத்தில் என்ன போட என்று மோகனப்ரியா கேட்டாள். "உள்ளதப் போடும்மா" என்றாள். ஐந்தாம் வகுப்பு என்று போட்டார்கள். மேலேயும் கீழேயும் இருந்தவர்களின் பட்டங்கள் இரண்டு வரிக்குப் போயின. இவளுடையது கச்சிதமாக ஒரு வரியில் அடங்கிற்று. அடுத்த மாநாட்டில் டாக்டர் அசோக்குமார், எங்கள் ஆஸ்பத்திரியின் தனித்துவமான குடும்பக் குறியீட்டு முறை என்று அரை மணி நேரம் பேசினாராம். முறையை யோசித்தது யார் என்று சபையில் ஒருவர் கேட்டதற்கு, அது நாங்கள் எல்லோரும் ஓப்பனாகச் சேர்ந்து செய்தது என்றாராம்.

கண்ணாடிக் கதவு வரவில்லை. 'ஆய்வு மையம்' பலகை மட்டும் நோட்டு ரூமுக்கு மேலேயே மாட்டப்பட்டது. ஜனங்கள் அதற்குக் கீழே வரிசையில் நின்று இருமினார்கள்.

அடுத்த மாசம் முதல் தேதி டாக்டர் அசோக்குமார் மாடியிலிருந்து இறங்கிவந்தார். ஜன்னல் பக்கம் ஆள் யாரும் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்த்துக் குனிந்தார்.

"மாத்திரை, சென்னம்மா. அப்பா நம்பர்லயே போட்டுடு."

"சரிங்க ஐயா."

அவள் எழுதினாள். அவர் போகாமல் நின்றார்.

"புள்ளி வச்சிட்டியா?"